பொய் ஈயின் வரலாறு

தூண்டில் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது மண்புழு. தோட்டத்து ஓடையிலும், கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டையிலும், புழுவையோ மாவுருண்டையையோ முள்ளில் கோத்துப் போட்டுவிட்டுத் தக்கை அமிழும் வரை காத்திருப்பதே நாம் அறிந்த முறை. ஐரோப்பாவின் குளிர்ந்த ஆறுகளில் டிரவுட் என்னும் மீனைப் பிடிப்போருள் ஒரு சாரார் இதற்கு மாறான வழியொன்றைக் கையாண்டு வருகின்றனர். கோழியின் கழுத்திறகு, முயற்காதின் மயிர், மயிலிறகின் நரம்பு, மெழுகிட்ட பட்டு நூல் ஆகியவற்றைக் கொண்டு, அரை அங்குலமும் தேறாத முள்ளின்மேல் அவர்கள் ஓர் ஈயைக் கட்டுகிறார்கள். அதனை நீரின்மேல் எறிந்து, மெய்யான ஈ என்று மீன் நம்பும்படி செய்கிறார்கள். தின்பதற்கு அதில் ஒன்றுமில்லை, முழுவதும் பொய்.

இப்பொய்யை எவ்வளவு மெய்போலச் செய்ய வேண்டும் என்ற ஒரே வினாவின்மீது மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக வாதம் நடந்திருக்கிறது. நூல்கள் எழுதப்பட்டன, நண்பர்கள் பிரிந்தனர், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே ஆற்றில் தூண்டில் போட்டுவந்த முதியவர் ஒருவர் அந்த ஆற்றை விட்டே விலக நேர்ந்தது. விளையாட்டுப் பொருளின் வரலாறு என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்கிறபோது, யாருடைய கண்ணுக்காகச் செய்கிறோம் என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

முதலில் அந்த ஈயைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். டிரவுட் மீனுக்கு விருப்பமான உணவுகளுள் தலையாயது மேஃபிளை என்னும் நீர்ப்பூச்சி இனம். பெயரில் ஈ என்றிருப்பினும் இது வீட்டு ஈயின் உறவன்று. மழை பெய்ததும் விளக்கைச் சூழும் நம் ஈசலைப்போல ஒருநாள் வாழ்வினது எனலாம். ஆனால் ஈசலின் இனமும் அன்று. இதன் முட்டை ஆற்றுநீரில் பொரிந்து, இளம்பூச்சியாகக் கல்லிடுக்கிலும் பாசியிலும் பல மாதங்கள், சில வகைகளில் ஓராண்டுக்கு மேலும், வாழும். ஆங்கிலேயர் இதனை நிம்ஃப் என்பர். பருவம் வந்ததும் நீர்மட்டத்திற்கு நீந்தி வந்து, தோலை உரித்துச் சிறகுடன் எழும். அப்போது சிறகு மங்கலாக இருக்கும். இந்நிலைக்கு டன் என்று பெயர். பிறகு கரைச்செடியில் ஒதுங்கி மீண்டும் ஒருமுறை தோலுரிக்கும். சிறகு முளைத்தபின்னும் தோலுரிக்கும் பூச்சி இவ்வுலகில் இஃதொன்றே. இப்பொழுது சிறகு கண்ணாடிபோல் தெளிந்துவிடும். இதனை ஸ்பின்னர் என்பர். இதற்கு உண்ணும் வாய் இல்லை. இணைசேர்ந்து, முட்டையிட்டு, சிறகை விரித்தபடி நீரில் வீழ்ந்து இறக்கும்.

ஆகவே ஒரே பூச்சி மூன்று வேறு வடிவங்களில் மீனுக்கு உணவாகிறது: நீருக்குள் நீந்தும் இளம்பூச்சி, நீர்மேல் சிறகு நிமிர்த்தி மிதக்கும் டன், சிறகு விரித்து மாண்டு கிடக்கும் ஸ்பின்னர். எந்த வேளையில் எதனை மீன் உண்கிறது என்று அறியாதவன் எவ்வளவு அழகாக ஈ கட்டினாலும் பயனில்லை. பின்னாளில் நடந்த சண்டைகள் யாவும் இந்த மூன்று நிலைகளைச் சுற்றியே நிகழ்ந்தன.

பொய் ஈயைப் பற்றிய தெளிவான முதற் குறிப்பு கிரேக்க மொழியில் கிடைக்கிறது. எழுதியவர் ரோமரான ஈலியன். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த இவர், விலங்குகளின் இயல்பைப் பற்றிய தம் நூலில் மாசிடோனியாவில் மீன் பிடிக்கும் விதமொன்றைக் கேள்விப்பட்டு எழுதினார். பெரோயா, தெசலோனிக்கா என்னும் இரு நகர்களுக்கும் நடுவே ஓடும் அஸ்திரேயஸ் ஆற்றில் புள்ளித்தோல் மீன்கள் உண்டு. ஆற்றின்மேல் பறக்கும் ஹிப்போரஸ் என்னும் ஈயை அவை விரும்பி உண்ணும். அந்த ஈயையே பிடித்து இரையாக வைக்கலாமே எனின், மனிதன் கைபட்டதும் அதன் நிறம் கெட்டுச் சிறகு வாடிவிடும். பின் மீன் அதனைத் தீண்டாது. எனவே அவ்வூரார் முள்ளில் செந்நிறக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடிக்கடியில் வளரும் மெழுகுநிற இறகுகள் இரண்டைப் பொருத்தி நீரில் விட்டனர். கோலும் ஆறடி, கயிறும் ஆறடி.

இக்குறிப்பில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. மெய்யான ஈ கையில் வாடிப்போயிற்று. கம்பளியும் இறகும் வாடவில்லை. மெய்யைவிடப் பொய் மெய்போல் இருந்த காரணத்தாலேயே இக்கலை பிறந்தது. மற்றொன்று, நம் பகுதியோடு தொடர்புடையது. அந்த மாசிடோனியச் சேவலின் மூதாதை தென்கிழக்காசியக் காடுகளின் சிவப்புக் காட்டுக்கோழியே. மலாயாக் காட்டோரத்தில் இன்றும் கூவும் அக்கோழியின் வழித்தோன்றல்தான் கிரேக்க ஆற்றங்கரையில் இறகு கொடுத்தது.

இதன்பின் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் செய்தி மிக அரிது. பவேரியாவில் டெகர்ன்சே மடத்துத் துறவிகள் 1500ஐ ஒட்டி எழுதி வைத்த ஏட்டில், எந்த மாதத்திற்கு எந்த இறகு, எந்த நிறப் பட்டு என்ற பட்டியல்கள் காணப்படுகின்றன. ஸ்பெயினில் அஸ்தோர்கா நகரில் 1624இல் ஒரு கையேடு எழுதப்பட்டது. இங்கிலாந்தில் 1496இல் வின்கின் டி வோர்டு என்னும் அச்சகத்தார் வெளியிட்ட தூண்டில் நூலில் பன்னிரண்டு ஈக்கள் மாதவாரியாகக் கூறப்பட்டுள்ளன. இதனை எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் கன்னிமடத் தலைவி என்பது வழிவழி வந்த கூற்று. அதற்கு உறுதியான சான்று இல்லை. பன்னிரண்டு ஈக்களின் பட்டியலோ பின்வந்தவர்களால் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டே வரப்பட்டது. 1653இல் வெளிவந்து உலகப்புகழ் பெற்ற ஐசக் வால்டனின் நூலிலும் அதே பன்னிரண்டுதான் இருக்கிறது. வால்டன் ஈத் தூண்டிலில் தேர்ந்தவர் அல்லர். ஆற்றைப் பாராமல் ஏட்டைப் பார்த்து எழுதுவது எக்காலத்திலும் உள்ள வழக்கம் போலும்!

ஏட்டை மூடிவிட்டு ஆற்றைப் பார்த்தவர் சார்லஸ் காட்டன். டவ் ஆற்றங்கரையில் பெரஸ்போர்டு மாளிகையில் வாழ்ந்த இவர், வால்டனின் நூலுக்கு 1676இல் இரண்டாம் பகுதி எழுதிச் சேர்த்தார். அதில் அறுபத்தைந்து ஈக்கள் கூறப்படுகின்றன. லண்டனில் கட்டப்பட்ட தடித்த வயிற்று ஈயைக் கண்டு சிரிப்பதற்காகச் சன்னலில் தொங்கவிடுவதாக அவர் நூலில் ஒரு வேடிக்கைப் பேச்சு வருகிறது. டவ் ஆற்றின் பூச்சிகள் மெலிந்தவை. லண்டன் கடைக்காரனுக்கு அது தெரியாது. உடலுக்குச் சுற்றும் மயிரைத் தேர்ந்தெடுக்கும்போது அதனைக் கதிரவனுக்கும் கண்ணுக்கும் நடுவே பிடித்துப் பார்க்க வேண்டும் என்று காட்டன் சொன்னது நுட்பமான அறிவுரை. மேசைமேல் கருமையாகத் தோன்றும் மயிர், ஒளி ஊடுருவும்போது செம்மையாகவோ பொன்னிறமாகவோ காணும். மீன் கீழிருந்து வானத்தை நோக்கிப் பார்க்கிறது. ஆகவே ஒளி ஊடுருவிய நிறமே அதற்குத் தெரியும் நிறம். இந்த ஒரு கருத்தைப் பின்வந்தோர் மறந்து மறந்து மீண்டும் மீண்டும் கண்டுபிடித்தனர்.

விஞ்ஞான முறையில் இக்கலையை நிறுத்தியவர் ஆல்பிரட் ரொனால்ட்ஸ். 1802இல் பிறந்த இவர், ஸ்டாஃபர்ட்ஷயரில் பிளைத் என்னும் சிற்றாற்றின் கரையில் ஒரு சிறு குடில் கட்டி, அதற்குள் மறைந்திருந்து மீன்களின் நடத்தையைப் பார்த்தார். மீனுக்குக் காது கேட்குமா என்றறியக் குடிலின் பின்னே துப்பாக்கி வெடிக்கச் செய்தார், மீன்கள் அசையவில்லை. சுவை தெரியுமா என்றறிய, இறந்த வீட்டு ஈக்களுக்கு மிளகாய்ப்பொடியும் கடுகும் தடவிக் குழாய்வழி ஊதி நீரில் விழச்செய்தார். மீன்கள் அவற்றையும் விழுங்கின. ஆக, தூண்டில்காரன் ஏமாற்ற வேண்டியது மீனின் நாவையன்று, கண்ணை என்பது அவர் கண்ட முடிபு.

1836இல் வெளிவந்த அவருடைய நூலின் பெருமை அதன் வண்ணப்படங்களில் உள்ளது. ரொனால்ட்ஸ் செப்புத் தகட்டில் செதுக்குவதில் வல்லவர். ஒவ்வொரு படத்திலும் மேலே மெய்யான பூச்சி, அதன் கீழே அதனைப் பார்த்துக் கட்டிய பொய் ஈ. பக்கத்தில் பூச்சியின் விஞ்ஞானப் பெயர். அதற்குமுன் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு பெயரால் வழங்கிய ஈக்களுக்கு முதன்முறையாக ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. இன்று மெய்போன்ற ஈ கட்டுவோர் யாவரும் அறிந்தோ அறியாமலோ அப்படங்களின் வழியினரே.

ரொனால்ட்ஸ் 1848இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறி, 1860இல் பல்லாரட் நகரில் இறந்தார். அக்கண்டத்து ஆறுகளில் அன்று டிரவுட் மீன் ஒன்றுகூட இல்லை. நார்ஃபோக் என்னும் கப்பலில் பனிக்கட்டிக்கும் பாசிக்கும் நடுவே வைத்துக் கொண்டுவரப்பட்ட முட்டைகள் டாஸ்மேனியாவை அடைந்தது 1864இல். டிரவுட் மீனின் கண்ணை அவ்வளவு ஆராய்ந்த மனிதர் தம் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளை அந்த மீன் இல்லாத நாட்டில் கழித்தார்.

ரொனால்ட்ஸ் தம் நூலில் ஒளிக்கோட்டத்தைப் பற்றிய படமும் வரைந்தார். பள்ளியில் கிண்ணத்துக்குள் காசு வைத்து நீரூற்றிக் காட்டும் பாடமே இது. நீருக்குள் இருக்கும் மீன் மேல்நோக்கினால், வெளியுலகம் முழுவதும் சுமார் 97 பாகை அகலமுள்ள கூம்பு ஒன்றில் சுருங்கித் தெரியும். ஓரடி ஆழத்தில் இருக்கும் மீனுக்கு நீர்மட்டத்தில் ஏறத்தாழ இரண்டேகால் அடி விட்டமுள்ள வட்டச் சன்னலொன்று திறந்திருக்கிறது என்று கொள்ளலாம். அதற்கு வெளியே நீர்மட்டம் கண்ணாடியாகி ஆற்றின் அடியையே திருப்பிக் காட்டும். மிதந்துவரும் பூச்சி அந்தச் சன்னலுக்குள் நுழையுமுன், அதன் ஆறு கால்கள் நீர்மேல் அழுத்திய குழிகள் மட்டும் அக்கண்ணாடியில் ஒளிப்பொட்டுகளாகத் தெரியும். பிறகு சிறகின் நுனி சன்னல் விளிம்பில் எட்டிப் பார்க்கும். முழு உடலும் கடைசியாகத்தான் தோன்றும். கரையில் நிற்கும் மனிதன் ஒருபோதும் இவ்விதமாக ஓர் ஈயைப் பார்ப்பதில்லை. அவன் பக்கத்திலிருந்தோ மேலிருந்தோ பார்த்துக் கட்டுகிறான். இந்த வேறுபாட்டை எல்லோரும் படித்தனர். கட்டும்போது கருத்திற்கொண்டவர் சிலரே.

மெய்போலச் செய்வது வீண்வேலை என்று கூறிய கட்சியும் வலுவானது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் 1857இல் எழுதிய நூலில், மீனுக்குப் பின்னால் நின்று நீரோட்டத்தை எதிர்த்து எறிவதே வெற்றிக்கு வழி என்றும், ஈயின் நிறம் குறித்துத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்றும் வாதிட்டார். சிலந்தி என்று பெயரிட்ட மூன்று எளிய ஈக்களை அவர் பெரிதும் நம்பினார். முள்ளில் சிறிது பட்டு, அதன்மேல் மெல்லிய இறகு ஒன்றிரண்டு சுற்று, அவ்வளவே. அவ்விறகு நீரில் மூச்சுவிடுவதுபோல் அசையும். ஸ்காட்லாந்தின் ஆறுகள் வேகமானவை; மீனுக்கு ஆராய நேரம் கிடையாது. அதனால் அவர் கூற்று அங்கே பலித்தது.

தென் இங்கிலாந்தின் நிலைமை வேறு. ஹாம்ப்ஷயரில் டெஸ்ட், இட்சன் என்னும் ஆறுகள் சுண்ணப் பாறையில் ஊறிவரும் ஊற்றுநீரால் ஆனவை. தெளிந்து, மெல்ல, ஒரே மட்டமாக ஓடுபவை. அங்கே மீன் ஈயின் கீழே மிதந்துகொண்டே வந்து மூக்கால் முகர்வதுபோல் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். அந்நீரில்தான் மெய்போன்ற ஈ கட்டும் கலை உச்சியை எட்டியது. அதன் தலைவர் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டு. 1844இல் பிறந்த இவர் 1879இல் வின்செஸ்டர் நகரில் ஒரு தூண்டிற்கடையில் ஜார்ஜ் மேரியட் என்பவரைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து பூச்சிகளைப் பிடித்து, ஒப்பிட்டு, கட்டி, எறிந்து பார்த்தனர். 1886இல் மிதக்கும் ஈக்களைப் பற்றிய நூல் வெளிவந்தது. அதில் தம் பெயரையும் சேர்க்க மேரியட் இணங்கவில்லை. உழைப்பில் பாதி அவருடையது. புகழ் முழுவதும் நண்பருக்குப் போயிற்று.

மிதக்கும் ஈயைக் கட்டும் விதத்தை இங்கே சுருக்கமாகச் சொல்லலாம். முள்ளைச் சிறு பற்றுக்குறட்டில் இறுக்கி, மெழுகிட்ட பட்டு நூலைச் சுற்றிக்கொண்டு, வால்பக்கம் சேவலிறகின் இழைகள் மூன்று நான்கைக் கட்டுவர். வயிற்றுப் பகுதிக்கு மயிற்பீலிக் கண்ணிலிருந்து ஓர் இழையை எடுத்து, அதன் பஞ்சை நகத்தால் உரித்துவிட்டு நரம்பை மட்டும் சுற்றுவர். அந்நரம்பின் ஓர் ஓரம் கருமை, மற்றோரம் வெண்மை. சுற்றச் சுற்றப் பூச்சியின் வயிற்று வளையங்கள் அப்படியே எழும். சிறகுக்கு மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவையின் இறகு. கடைசியாகச் சேவலின் கழுத்திறகைக் கழுத்துப் பகுதியில் சுற்றினால், இழைகள் நாற்புறமும் விறைத்து நின்று கால்களாகும். சேவலிறகு விறைப்பும் பளபளப்பும் உடையது, நீரை ஏற்காது, அதனால் ஈ மிதக்கும். பெட்டையின் இறகு மென்மையானது, நீரை உறிஞ்சும், அதனால் அமிழும். ஒரே இனத்துக் கோழியிலும் ஆணிறகும் பெண்ணிறகும் இருவேறு மீன்பிடிக்கு உரியனவாயின. கட்டி முடித்த ஈயின் எடை ஒரு நெல்மணியளவுகூட இராது.

ஹால்ஃபோர்டின் தவறு எங்கே தொடங்கியது? அவர் திறமையில் குறையில்லை. 1910இல் வெளியிட்ட கடைசிப் பட்டியலில் முப்பத்து மூன்று ஈக்களை மட்டும் நிறுத்தி, ஆண் பெண் என்றுகூடப் பிரித்து, ஒவ்வொன்றின் நிறத்தையும் வரையறுத்தார். இனி இக்கலையில் சேர்ப்பதற்கு அதிகமில்லை என்ற எண்ணம் அவரைப் பின்பற்றியவர்களிடம் பரவியது. மிதக்கும் ஈயே முறையானது, மேலே எழும் மீனைக் கண்டபின் எறிவதே நேர்மை, நீருக்குள் அமிழும் ஈயைப் பயன்படுத்துவது இழிவு என்ற நிலை வந்தது. ஆராய்ச்சியில் கண்ட முடிவு ஆசாரமாகிவிட்டது. வியப்பு என்னவெனில், பிடித்த மீனின் வயிற்றைக் கீறிப் பார்த்த ஹால்ஃபோர்டே அதற்குள் இருப்பவற்றுள் பெரும்பகுதி சிறகு முளைக்காத இளம்பூச்சிகள் என்று கண்டிருந்தார். அவரும் மேரியட்டும் இளம்பூச்சியைப்போல் கட்டிப் பார்த்துக் கைவிட்டனர். கண்ணெதிரே இருந்த சான்று முறைமைக்காக ஒதுக்கி வைக்கப்பட்டது.

அதனை எடுத்துக்கொண்டவர் ஜி. இ. எம். ஸ்கூஸ். 1858இல் பிறந்து லண்டனில் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். பார்வை குறைந்தவர். 1883 முதல் இட்சன் ஆற்றில் அபட்ஸ் பார்ட்டன் என்னும் பகுதியில் தூண்டில் போட்டு வந்தார். நீர்மேல் வட்டம் எழுப்பும் மீன் எல்லாம் மேலே மிதக்கும் பூச்சியைத்தான் உண்கிறது என்ற நம்பிக்கை பொய் என்பதை அவர் கண்டார். மட்டத்திற்குச் சற்றுக் கீழே இளம்பூச்சியைக் கவ்வும் மீனும் அதே வட்டத்தை எழுப்பும். 1910இல் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. ஹால்ஃபோர்டின் கடைசிப் பட்டியல் வெளிவந்த ஆண்டும் அதுவே.

ஸ்கூஸின் கருவி மிக எளியது: எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையைத் தோண்டித் தின்ன உணவுமேசையில் வைக்கும் நீண்ட ஒடுங்கிய கரண்டி. பிடித்த மீனின் தொண்டைவழி அதனைச் செலுத்தி, வயிற்றிலுள்ளதை எடுத்து, நீரூற்றிய வெள்ளைத் தட்டில் கலக்கிப் பார்ப்பார். அப்போதுதான் விழுங்கப்பட்ட பூச்சிகள் தட்டில் பிரிந்து மிதக்கும். அவற்றைப் பார்த்து ஈ கட்டினார். மீன் எதனை உண்கிறது என்று மீனையே கேட்டார் என்று சொல்லலாம். நிறம், அளவு, தடிப்பு எல்லாவற்றிலும் அவர் ஹால்ஃபோர்டுக்குச் சளைக்காமல் மெய்யைப் பின்பற்றினார். ஆகவே இவ்விருவரின் சண்டை மெய்போலச் செய்வதா வேண்டாமா என்பதன்று. எந்த மெய்யை என்பதே.

ஹால்ஃபோர்டு 1914இல் மறைந்தார். அவர் பெயரால் நடந்த சண்டை ஓயவில்லை. 1938 பிப்ரவரியில் லண்டனில் ஈத் தூண்டிலாளர் சங்கத்தில் இதன்மீது முறையான விவாதமே நடைபெற்றது. எண்பதை நெருங்கிய ஸ்கூஸ் தம் கட்சியை எடுத்துரைத்தார். எதிர்த்தோர் பலர். அபட்ஸ் பார்ட்டனில் உடன் பங்காளிகளாக இருந்தோருக்கும் அவர் முறை பிடிக்கவில்லை. அவ்வாண்டிலேயே அவர் அந்த ஆற்றில் தமக்கிருந்த உரிமையை விட்டு விலகினார். ஐம்பத்தாறு பருவங்கள் அவர் நின்ற கரை அது. மறு ஆண்டில் இளம்பூச்சித் தூண்டிலைப் பற்றிய தம் கடைசி நூலை வெளியிட்டார்; 1949இல் காலமானார். இன்று உலகெங்கும் டிரவுட் பிடிப்போர் எறியும் ஈக்களுள் மிகப் பல அவர் காட்டிய வழியில் வந்தவை.

இடையில் ஜே. டபிள்யூ. டன் என்பவரையும் குறிப்பிட வேண்டும். விமானம் அமைத்த பொறியியல் அறிஞர். 1924இல் எழுதிய நூலில், காட்டனின் பழைய கருத்தை அறியாதவர்போலப் புதிதாகத் தொடங்கினார். முள்ளின் தண்டுக்கு வெள்ளை வண்ணம் பூசி, அதன்மேல் செயற்கைப் பட்டைச் சுற்றி, எண்ணெய் தடவினால், பட்டு ஒளி ஊடுருவும் தன்மை பெற்று உயிருள்ள பூச்சியின் உடல்போல் ஒளிரும் என்றார். கருத்து சரியே. ஆனால் அவ்வளவு தொந்தரவு படத் தூண்டில்காரர் பலருக்குப் பொறுமையில்லை.

இவ்வாதத்திற்கு எதிர்பாராத விடையொன்றைக் கொடுத்தவர் நூலறிஞர் அல்லர், ஆற்றுக் காவலாளி. ஃபிராங்க் சாயர் 1906இல் பிறந்து, வில்ட்ஷயரில் நெதராவன் என்னும் ஊரில் ஏவன் ஆற்றைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர். சேறு வாருவதும், பாசி வெட்டுவதும், மீன் தின்னும் உயிரினங்களைத் தடுப்பதும் அவர் தொழில். ஆண்டு முழுவதும் நீரிலேயே நின்றவர் ஆகையால் இளம்பூச்சி எவ்வாறு நீந்துகிறது என்பதை ஊன்றிக் கவனித்தார். அது நீந்தும்போது கால்களை உடலோடு ஒட்டி மடக்கிக்கொள்கிறது. எனில் பொய் ஈக்குக் கால்கள் எதற்கு? வழிவழியாகச் சுற்றிவந்த கழுத்திறகை அவர் நீக்கிவிட்டார். நூலையும் நீக்கினார். அதற்குப் பதில் மயிரிழையளவான செப்புக்கம்பி. ஃபெசன்ட் கோழியின் வாலிறகு இழைகளை அக்கம்பியோடு முறுக்கிச் சுற்றினார். கம்பியின் எடையால் ஈ விரைந்து அமிழும். அதன் செந்நிறம் இறகினூடே மின்னும். முன்பக்கம் தடித்த திமில் ஒன்று, உள்ளே சிறகு மடங்கியிருக்கும் இளம்பூச்சியை நினைவூட்டும். இரண்டே பொருட்கள். 1958இல் வெளிவந்த அவர் நூல் இதனை உலகுக்கு அறிவித்தது. சாயர் 1980இல் தாம் காத்த அதே ஆற்றின் கரையிலேயே உயிர் நீத்தார்.

அவருடைய அண்டை வீட்டாரைப்போன்ற ஆலிவர் கைட் இன்னும் ஒரு படி சென்றார். இறகையும் விட்டுவிட்டு, வெறும் முள்ளில் செப்புக்கம்பியை மட்டும் சுற்றி, இளம்பூச்சி எழுவதுபோல் கோலின் நுனியை மெல்ல உயர்த்திக் காட்டினார். மீன்கள் கவ்வின. ரொனால்ட்ஸின் வண்ணப்படத்தோடு வைத்துப் பார்த்தால் அக்கம்பிச் சுருளில் ஈயின் சாயல் எதுவும் தெரியாது. அளவும், திரட்சியும், அசைவும் மட்டும் மெய். எஞ்சியதை மீனே நிரப்பிக்கொண்டது.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இக்கலை பரவிய கதை தனி நூலுக்குரியது. கேட்ஸ்கில் மலைப்பகுதியில் நெவர்சிங்க் ஆற்றங்கரையில் வாழ்ந்த தியடோர் கோர்டனுக்கு ஹால்ஃபோர்டு 1890இல் தம் ஈக்கள் சிலவற்றை அஞ்சலில் அனுப்பினார். அவை அமெரிக்கப் பூச்சிகளைப்போல் இல்லை என்று கண்ட கோர்டன், தம் ஆற்றுக்கேற்பப் புதியன கட்டினார். காட்டன் லண்டன் ஈயைப் பார்த்துச் சொன்னதையே கோர்டன் ஹாம்ப்ஷயர் ஈக்குச் சொன்னார் எனலாம். வெர்மாண்ட் மாநிலத்தில் தந்தையாரின் தூண்டிற்கடையில் ஈ கட்டும் பெண்களை மேற்பார்த்த மேரி ஆர்விஸ் மார்பரி, நாடெங்குமிருந்து தூண்டிலாளர் எழுதிய கடிதங்களைத் தொகுத்து 1892இல் பெருநூல் ஒன்று வெளியிட்டார். பெயர்களின் குழப்பம் அங்கே அவரால் தணிந்தது. பின்னர் 1950இல் வின்சென்ட் மரினாரோவும், 1971இல் சுவிஷர், ரிச்சர்ட்ஸ் என்னும் இருவரும் மீனின் சன்னலுக்குக் கீழிருந்து ஈயைப் பார்த்து, கழுத்திறகு மிகுதியாகச் சுற்றுவது உருவத்தை மறைக்கிறது என்று காட்டினர்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெய்போலக் கட்டும் கலை இரு கிளையாயிற்று. ஒரு கிளையினர் கால் மடிப்பு, கண், உணர்கொம்பு, சிறகின் நரம்பு வரை ஒன்றும் விடாமல் கட்டிக் கண்ணாடிப் பேழையில் வைத்தனர். அருகே மெய்ப்பூச்சியை வைத்தால் எது எது என்று தெரியாத அளவு நுட்பம். ஆயினும் விறைத்த கால்களை உடைய அவ்வழகிய ஈக்கள் பல ஆற்றில் தோற்றுவிடுகின்றன, அவற்றுக்கு அசைவில்லை. அவற்றைக் கட்டியோர் மனிதக் கண்ணுக்காகவே கட்டினர் என்றால் குறை சொன்னதாகாது. சிற்பத்தைப்போல அதுவும் ஒரு கலையே. மீனைப் பிடிக்கும் ஈ என்று விற்பதுதான் பிழை.

இவ்வளவுக்கும் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதை இங்கிலாந்தின் நூல்கள் ஓரிரு சொல்லில் கடந்துவிடுகின்றன. மயிற்பீலியும், சேவலின் கழுத்துத் தோலும் இந்தியாவிலிருந்து நீண்ட காலம் கப்பலேறின. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் கழுத்திறகில் மெழுகுத் துளிகள் போன்ற வெண்மஞ்சள் பொட்டுகள் உண்டு. அவ்விறகைச் சால்மன், டிரவுட் ஈக்களுக்குக் கண்ணாகவும் கன்னமாகவும் வைத்துக் கட்டினர். அதற்காகச் சேவல்கள் பெருமளவில் கொல்லப்பட்டன. 1960களின் இறுதியில் இந்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. 1970கள் முதல் அமெரிக்காவில் இறகுக்கென்றே சேவல் இனங்களைத் தேர்ந்து வளர்க்கும் பண்ணைகள் பெருகின. இந்தியக் கழுத்துத் தோலின் தேவை அதனால் குறைந்தது.

டிரவுட் மீனும் வெள்ளையரோடு தெற்கே வந்தது. இலங்கையில் நுவரெலியாவின் ஓடைகளில் 1880களிலும், நீலகிரியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அது நிலைபெற்றது. கடல்மட்டத்து வெப்பத்தில் அதனால் உயிர்வாழ இயலாது. மலையுச்சியின் குளிர்நீர் மட்டுமே அதற்கு இடம்.

கடைகளில் விற்கும் ஈக்களை முன்னர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் பெண்களே கட்டினர். இத்தனை ஈக்களுக்கு இவ்வளவு கூலி என்ற கணக்கில் கட்டிய அவர்கள் பெயர்கள் நூல்களில் ஏறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வேலை கென்யாவுக்கும், இலங்கைக்கும், தாய்லாந்துக்கும் இடம் பெயர்ந்தது. இலங்கையின் தொழிற்கூடங்களில் வரிசையாக அமர்ந்து, சாயரின் செப்புக்கம்பி ஈயையும், கோர்டனின் மயிற்பீலி நரம்பு ஈயையும் கட்டும் கைகளுக்குரிய பெண்களுள் பலர் மேஃபிளை எழும் ஆற்றையும் கண்டதில்லை, டிரவுட் மீனையும் கண்டதில்லை. மாதிரி ஈ ஒன்று குறட்டின் அருகே குத்தி வைக்கப்பட்டிருக்கும். அதனைப் பார்த்து அவர்கள் கட்டுகிறார்கள். ஹாம்ப்ஷயரிலும் மொண்டானாவிலும் மீன்கள் கவ்வுகின்றன.